குரலுக்கு என்டர் விசை இல்லை

2017 பிப்ரவரி 28 காலை. அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் எஸ்3 சேமிப்புச் சேவையின் பில்லிங் பகுதி மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சில சர்வர்களைக் கழற்றிவிட வேண்டும். அதற்கான கட்டளை முன்பே எழுதி வைத்த செயல்முறைக் குறிப்பில் இருந்தது. அனுமதி பெற்ற பொறியாளர் ஒருவர் அதைத் தட்டினார். உள்ளீட்டில் ஓர் இடம் தவறிவிட்டது. நினைத்ததைவிட மிகப் பெரிய எண்ணிக்கையில் சர்வர்கள் விலகின. சேவை முழுதாக எழுந்து நிற்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை பல பெரிய இணையதளங்கள் முடங்கிக் கிடந்தன. சேவை நலமா இல்லையா என்று காட்டும் அமேசானின் சொந்தப் பலகையே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், அதுவும் உண்மை நிலவரத்தைக் காட்ட முடியாமல் நின்றுவிட்டது.

அந்தப் பொறியாளரின் கண்முன் கட்டளை எழுத்தாக நின்றது. என்டர் தட்டும் முன் படித்துப் பார்க்க நேரமும் இருந்தது. அப்படியிருந்தும் தவறியது. அதே போன்ற ஒரு கட்டளையைச் சமையலறையில், மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு நடுவே, மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சொல் வாயைவிட்டுப் போனதுமே வேலை தொடங்கிவிடும். படித்துப் பார்க்க எழுத்து இல்லை. தட்டுவதற்கு என்டர் இல்லை.

தொலைவில் உள்ள கணினியைக் குரலால் இயக்கலாமா என்ற கேள்வி இந்த ஒரு குறையைச் சுற்றியே நிற்கிறது என்பது என் கருத்து. ஒலி தெளிவாகப் பிடிபடுகிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினை. படிக்கவும், நிதானிக்கவும், பிறகு 'சரி, ஓடு' என்று சொல்லவும் எழுத்து தந்த அந்த இடைவெளியைக் குரலில் எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் தீராதது.

எழுத்து வந்த வழி

தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளை தருவது புதிதல்ல. அதற்கான டெல்நெட் நெறிமுறை 1969-லேயே பிறந்துவிட்டது. கட்டளையும் கடவுச்சொல்லும் மறைப்பு எதுவும் இல்லாமல் கம்பியில் போகும். 1983-இல் பெர்க்லி யூனிக்ஸுடன் வந்த ஆர்எஸ்ஹெச், ஆர்லாகின் ஆகியவை இன்னும் தாராளம்: நம்பகமான இயந்திரங்களின் பெயரை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அங்கிருந்து வருபவரிடம் கடவுச்சொல்கூடக் கேட்பதில்லை. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு இந்த நம்பிக்கையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தித்தான் இயந்திரம் விட்டு இயந்திரம் தாவியது.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கிருந்த டாட்டு இலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். அதன் திறந்த வடிவமான ஓபன்எஸ்எஸ்ஹெச் 1999-இல் வந்தது. இன்று உலகத்தின் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே வாசல்.

ஓர் எஸ்எஸ்ஹெச் அமர்வு மனிதருக்கு என்னவெல்லாம் தருகிறது என்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வருபவர் யார் என்பதைச் சாவி சொல்கிறது. எந்த இயந்திரத்தில் நிற்கிறோம் என்பதைக் கட்டளைக்கு முன்னால் நிற்கும் வரி காட்டுகிறது. என்ன செய்யப் போகிறோம் என்பது எழுத்தாகத் தெரிகிறது. எப்போது என்பதை என்டர் முடிவுசெய்கிறது. என்ன ஆயிற்று என்பதை வெளியீடும் முடிவு எண்ணும் சொல்கின்றன: 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எண் என்றால் எங்கோ இடறல். குரல் வந்தவுடன் இந்த ஐந்தும் கைநழுவிப் போகின்றன. ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே இன்னொரு கிளையும் வளர்ந்தது. ஒரே வேலையை நூறு இயந்திரத்தில் செய்ய வேண்டியவர்கள் நூறு முறை தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் 1993-இல் சிஎஃப்எஞ்சினை எழுதினார். 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப், 2012-இல் மைக்கேல் டிஹானின் அன்சிபிள். இவற்றில் அன்சிபிளை இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாகப் பார்க்கிறேன். அது இயந்திரங்களில் தனியாக எதையும் நிறுவாமல் எஸ்எஸ்ஹெச் வழியாகவே வேலை செய்கிறது. செய்ய வேண்டியவை பிளேபுக் என்ற கோப்பில் நாள் முன்னதாகவே எழுதப்படுகின்றன. சக ஊழியர் படித்துத் திருத்துகிறார். நிஜமாக ஓட்டாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் உண்டு. கடைசி நேரத்தில் மனிதர் செய்வது அந்தக் கோப்பின் பெயரைச் சொல்வது மட்டும்தான்.

பெயரைச் சொல்வது மட்டும் என்றால், அது வாயால் ஆகக்கூடிய வேலை.

கணினி போட்ட ஸ்விட்ச் வேடம்

சிரி 2011-இல் ஐபோனில் வந்தது. 2014 நவம்பரில் அமேசான் எக்கோ, 2016 நவம்பரில் கூகுள் ஹோம். இவை விளக்கையும் பிளக்கையும் மின்விசிறியையும் அறிந்தன, கணினியை அறியவில்லை. 'என் சர்வரில் இந்த ஸ்கிரிப்டை ஓட்டு' என்று சொல்ல அவற்றில் இடமே இல்லை.

ஆர்வலர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். பெல்கின் நிறுவனத்தின் வீமோ பிளக்குகளை எக்கோ வீட்டு வலைக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கும். கணினியில் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, 'நானும் ஒரு வீமோ பிளக்' என்று அதைப் பதில் சொல்ல வைத்தார்கள். ஃபாக்ஸ்மோ என்ற பைத்தான் நிரல் இந்த வகையில் பெயர்பெற்றது. எக்கோவில் பேசும் அலெக்சாவிடம் 'பேக்கப்பை ஆன் செய்' என்றால், அது ஒரு பிளக்கை ஆன் செய்வதாக நம்பிச் செய்தி அனுப்பும். கணினியோ அந்தச் செய்திக்கு ஈடாக வைத்திருந்த ஸ்கிரிப்டை ஓட்டும். பிறகு வந்த ட்ரிக்கர்சிஎம்டி போன்ற சேவைகளும் இதே யோசனையை ஒழுங்குபடுத்தின. கட்டளைகள் கணினியில் உள்ள ஒரு பட்டியலில் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் சொல்லக்கூடிய ஒரு பெயர் இருக்கும்; குரல் வழியே வருவது அந்தப் பெயர்.

ஆன், ஆஃப் என்ற இரண்டே சொல்லுக்குள் கணினியை அடைப்பது பலருக்கு எரிச்சலாக இருந்தது. வாயால் கேட்ட எதையும் அப்படியே கட்டளைக்குள் செருக வேண்டும் என்று வழி தேடினார்கள். எனக்கோ அந்த எரிச்சல் தந்த வரம்புதான் இத்தனை ஆண்டுகளாகப் பலருடைய கணினியைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆன் என்ற சொல்லைத் தவறாகக் கேட்டால் ஸ்கிரிப்ட் ஓடாமல் போகும், அல்லது தேவையில்லாதபோது ஒருமுறை ஓடும். கோப்பின் பெயரைத் தவறாகக் கேட்டால் வேறொரு கோப்பு அழியும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் குறுகியது. 2018-இல் வந்த ஷார்ட்கட்ஸ் செயலியில் எஸ்எஸ்ஹெச் வழியே ஸ்கிரிப்ட் ஓட்டும் வசதியே இருக்கிறது. ஸ்கிரிப்டை எழுதி ஒரு பெயர் வைத்துவிட்டால் சிரியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். இடையில் மூன்றாவது நிறுவனம் யாரும் இல்லை. ஆனால் அதே இடத்தில், வாயால் சொன்ன வாக்கியத்தை ஸ்கிரிப்டுக்குள் மாறியாகச் செருகவும் முடியும். அங்கேதான் கவனம் வேண்டும். கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'அடுத்த கட்டளை' என்று பொருள். வெளியிலிருந்து வரும் எழுத்தை அப்படியே ஷெல்லிடம் கொடுப்பது இணையப் பாதுகாப்பில் மிகப் பழைய தவறுகளில் ஒன்று. அந்த எழுத்து குரலிலிருந்து பிறந்தது என்பதால் தவறு தவறாகாமல் போய்விடாது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்தநிலை மென்பொருளில் ஷெல் கட்டளை வசதியை அமைத்தவர்கள் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள்: மாறக்கூடிய பகுதி வந்தால் ஷெல்லின் குழாய், திருப்பிவிடல் குறிகள் எதுவும் அங்கே வேலை செய்யாது.

வாசலும் வழியும்

குரல் உதவியாளர் பெரும்பாலும் நிறுவனத்தின் மேகக் கணினியில் இருக்கிறது. நம் கணினியோ வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டர் விடாது. இந்தியாவில் பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், ரவுட்டரில் வாசலைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. ஒரு வகையில் அது நல்லதும்கூட. திறந்த வாசல் என்ன செய்யும் என்பதை 2016-இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. இணையத்தில் டெல்நெட் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும், தொழிற்சாலை வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை மட்டும் முயன்று பார்த்தே அது கைப்பற்றியது. அப்படிச் சேர்ந்த படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்ச்சேவை தாக்கப்பட்டு, அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் சில மணி நேரம் எட்டாமல் போயின.

சரியான வழி தலைகீழானது: வெளியார் உள்ளே வர வேண்டாம், நம் கணினி வெளியே போய்க் காத்திருக்கட்டும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்த எம்க்யூடிடி இந்த முறையில்தான் இயங்குகிறது. கருவி தானாகவே ஒரு தரகு சர்வருடன் தொடர்பு வைத்து, தன் பெயருக்குச் செய்தி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். வயர்கார்டு போன்ற தனிச் சுரங்கமும் நல்ல தீர்வு; அது 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

தூங்கும் கணினியை எழுப்பும் முறையும் அழகானது. வேக்-ஆன்-லேன் செய்தி மொத்தம் 102 பைட்டுகள். முதலில் 6 பைட் முழுக்க ஒன்றுகள். பிறகு அந்தக் கணினியின் வன்பொருள் முகவரி 16 முறை. திரை அணைந்து கிடந்தாலும் வலை அட்டை மட்டும் அரைத்தூக்கத்தில் தன் முகவரிக்காகக் காத்திருக்கும். இதில் கடவுச்சொல் பொதுவாக இருக்காது. எழுப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்யவும் முடியாது. ஒரே ஒரு வேலை, திரும்பப் பெறக்கூடிய வேலை. குரலிடம் தயங்காமல் கொடுக்கலாம்.

இடையில் நிற்கும் சேவைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இஃப்ட் என்ற தளம் 'இது நடந்தால் அதைச் செய்' என்ற எளிய விதியால் பலரை ஆட்டோமேஷனுக்குள் அழைத்து வந்தது. அதன் வெப்ஹூக் முகவரிக்குள்ளேயே இரகசியச் சாவி இருக்கும். அந்த முகவரியைப் பார்த்தவர் எவரும் உரிமையாளர் ஆகிவிடுவார். திரைப்பிடிப்பில் அதை மறைக்காமல் போட்டு உதவி கேட்பவர்கள் தங்கள் வீட்டுச் சாவியைத் தெருவில் வைக்கிறார்கள். இன்னொன்று, மேகத்தில் இருப்பது நம் கையில் இல்லை. உதவியாளருக்காக வெளியார் எழுதிய உரையாடல் செயல்களைக் கூகுள் 2023 ஜூன் 13 அன்று மொத்தமாக மூடியது. அதே ஆண்டில் விண்டோஸின் குரல் உதவியாளரான கோர்ட்டானா செயலியும் ஓய்வு பெற்றது. பார்த்துப் பார்த்துக் கட்டியவர்களின் ஏற்பாடுகள் ஒரே நாளில் ஊமையாயின.

அதனால்தான் வீட்டுக்குள்ளேயே குரலைப் புரிந்துகொள்ளும் முயற்சிகளை நான் மதிக்கிறேன். பாலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் திட்டம் 2023-ஐக் குரலின் ஆண்டு என்று அறிவித்து உழைத்தது. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணி நேர ஒலியில் பயின்ற மாதிரி. அதைச் சொந்தக் கணினியில் ஓட்டலாம், தமிழும் அதற்குத் தெரியும். 2024 டிசம்பரில் ஹோம் அசிஸ்டன்டுக்கென ஒரு குரல் கருவியும் வந்தது. ஒலி வீட்டைவிட்டு வெளியே போகாமலே கட்டளை நடக்கும்படி அமைப்பது இன்று ஆர்வலர் ஒருவரால் ஆகக்கூடியது.

பேசியது யார்?

2017 ஜனவரியில் டெக்சாஸின் டாலஸ் நகரில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி அலெக்சாவிடம் பொம்மை வீடு கேட்டாள். அது வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைச் சான் டியாகோ தொலைக்காட்சி ஒன்று வாசித்தபோது, வாசிப்பாளர் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல, பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்த கருவிகளும் ஆர்டர் போட முயன்றன. அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங் தன் விளம்பரத்தின் கடைசியில் வேண்டுமென்றே கூகுள் ஹோமை அழைத்து, தன் பர்கரைப் பற்றிப் பேச வைத்தது. காற்றில் வரும் ஒலிக்கு ஊர், பெயர், உரிமை எதுவும் கிடையாது.

ஆய்வாளர்கள் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு 2017-இல் டால்ஃபின் தாக்குதல் என்று ஒன்றைக் காட்டியது: 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் ஏற்றிய கட்டளையைச் சிரியும் அலெக்சாவும் பிறவும் கேட்டுப் பணிந்தன. 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் டோக்கியோவின் மின்தொடர்புப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அதைவிட வியப்பு. ஒலியே வேண்டாம், ஒளி போதும். லேசர் கதிரின் வலிமையைப் பேச்சின் அலைக்கு ஏற்ப ஏற்றி இறக்கி மைக்கின் துளைமேல் விழச் செய்தால், கருவி அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறது. 110 மீட்டர் தூரத்திலிருந்தும் நடந்தது. எதிர்க்கட்டடத்தில் நின்றுகொண்டு, கண்ணாடி ஜன்னல் வழியே, சத்தமே இல்லாமல் கட்டளை சொல்லலாம்.

இவை ஆய்வுக்கூடத்து வித்தைகள், நம் வீட்டுக்கு யார் லேசரோடு வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2018 ஜூனில் வெளிவந்த கோர்ட்டானா ஓட்டைக்கு லேசரும் வேண்டியிருக்கவில்லை. பூட்டிய விண்டோஸ் 10 திரையில் உதவியாளர் கேட்டுக்கொண்டிருந்ததால், அதன் வழியாகவே நிரலை ஓட்ட முடியும் என்று மெக்காஃபி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லால் பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே, பேசினால் திறக்கும் இன்னொரு கதவு இருந்திருக்கிறது.

குரலை அடையாளம் காணும் வசதி இதற்குத் தீர்வா? உங்கள் நாட்காட்டியையும் என் நாட்காட்டியையும் பிரித்துச் சொல்ல அது போதும். சர்வரின் வாசலுக்குப் போதாது. ஒத்த குரலோ பதிவு செய்த குரலோ அதை ஏமாற்றலாம். கதவுப் பூட்டைத் திறக்க அலெக்சா இரகசிய எண்ணைக் கேட்கிறது. கூகுளும் முக்கியமான கருவிகளுக்கு உறுதிப்படுத்தலோ எண்ணோ கேட்கும் முறையை வைத்திருக்கிறது. உறுதிப்படுத்தக் கேட்பதுதான் குரலுக்கான என்டர். எண்ணோ, கூடத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். கட்டளையைக் குரலால் சொல்லி, உறுதியைக் கைப்பேசித் திரையில் தொட்டுத் தருவதே இப்போதைக்கு நல்ல ஏற்பாடு. எழுத்து மீண்டும் கண்முன் வருகிறது, இடைவெளியும் வருகிறது.

பதில் எங்கே?

அலெக்சாவின் திறன் ஒன்று 8 விநாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஹோம் அசிஸ்டன்டின் ஷெல் கட்டளை 60 விநாடியில் நிறுத்தப்பட்டுவிடும். பேக்கப் எடுக்க 40 நிமிடம் ஆகும் என்றால் ஸ்பீக்கர் சொல்லும் 'ஓகே'வுக்கு என்ன பொருள்? செய்தி போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே. வேலை முடிந்தது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். வட்டு நிரம்பி ஸ்கிரிப்ட் பாதியில் செத்திருக்கலாம். முடிவு எண் 1 என்று எங்கோ ஒரு பதிவேட்டில் கிடக்கும். சொல்ல ஆள் இல்லை.

நம் ஊர்க் கிணற்று மோட்டார்கள் இந்த விஷயத்தில் பல கணினி ஏற்பாடுகளைவிட முந்திவிட்டன. கைப்பேசி ஸ்டார்ட்டர் பொருத்திய விவசாயி, வீட்டிலிருந்தே மோட்டாருக்குப் போன் போடுகிறார். குறிப்பிட்ட எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னோர் எண்ணுக்கு நிற்கும். பதிவுசெய்த கைப்பேசியிலிருந்து வந்தால் மட்டுமே எடுக்கும். மும்முனை மின்சாரம் போனாலோ, கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலோ, அதுவே திருப்பி அழைத்துச் சொல்லும் வகைகளும் உண்டு. யார், என்ன, ஆயிற்றா என்ற மூன்றுக்கும் அங்கே விடை இருக்கிறது. கட்டளைகளோ இரண்டே இரண்டு. குரலால் சர்வரை இயக்க ஆசைப்படுகிறவர் வரப்பில் நின்று இதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

கணினியில் இதற்கு ஈடு செய்வது கடினமும் அல்ல. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் முடிவு எண்ணைப் பார்த்து, டெலிகிராம் பாட் வழியாகவோ வேறு அறிவிப்புச் சேவை வழியாகவோ கைப்பேசிக்கு ஒரு வரி அனுப்பச் செய்தால் போதும். இதைச் செய்யாத குரல் ஏற்பாட்டை நான் பாதி ஏற்பாடு என்றே சொல்வேன்.

பெயர் வைப்பதும் தமிழும்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாவது தரவுத்தளச் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை முதல் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்த தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சுமார் 6 மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. இரண்டு இயந்திரங்களின் பெயரும் ஓர் எண்ணில்தான் வேறுபட்டன. கண்ணுக்கே அது தப்பியது என்றால், காதுக்குத் தப்ப எவ்வளவு நேரமாகும்? குரலுக்குப் பெயர் வைக்கும்போது எண்களை விட்டுவிட்டு, ஒலியில் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் பெயர்களை வைக்க வேண்டும். வைகை, தாமிரபரணி என்று வைத்தால் எந்த மைக்கும் மயங்காது.

தமிழில் பேசுவோருக்கு இன்னொரு கவலை உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது வராது. ஆங்கிலம் மறுப்பை வினைக்கு முன்னால் வைக்கிறது. தமிழ் வினையின் வாலில் வைக்கிறது. 'நிறுத்து', 'நிறுத்தாதே', 'அணைக்க வேண்டும்', 'அணைக்க வேண்டாம்'. பேச்சு முடிந்துவிட்டது என்று கருவி சற்று முன்னதாக முடிவுசெய்து கடைசி அசையை நறுக்கினால், மறுப்பு போய்விடும், எதிர்ப்பொருள் வந்துவிடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவைப் போன்றவர்கள் தமிழ்ப் பேச்சறிதலை நன்கு முன்னேற்றியிருக்கிறார்கள். மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நறுக்கப்பட்ட ஒலியிலிருந்து வாலை மீட்க முடியாது. ஆகவே வினைச்சொல்லை நம்பாமல் பெயர்ச்சொல்லை நம்புவது நமக்கு நல்லது. 'இரவுப் பிரதி', 'புகைப்படச் சேமிப்பு' என்று வேலைக்கே பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொன்னால் அந்த வேலை என்று அமைத்துவிட்டால், வால் அறுந்தாலும் ஆபத்தில்லை.

குரலே கை ஆனவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம், விசைப்பலகை பக்கத்தில் இருந்தும் குரலைத் தேர்ந்தவர்களுக்கு. தேர்வே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தட்டித் தட்டி மணிக்கட்டு நரம்பு நொந்தவர்கள், கை அசையாதவர்கள். 2013 பைகான் மாநாட்டில் டேவிஸ் ரட், கைவலியால் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்து, குரலாலேயே நிரல் எழுதக் கற்ற கதையைச் சொல்லி, மேடையில் செய்தும் காட்டினார். இன்று டாலன் என்ற கருவி அந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. அதில் எழுத்துகளுக்குக்கூடக் குறுகிய, பெரும்பாலும் ஓரசைச் சொற்கள்: ஏர், பேட், கேப், டிரம். 2019-இல் ஆப்பிளும் தன் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் முழுக் குரல் கட்டுப்பாட்டைச் சேர்த்தது.

இவர்களுக்குப் பட்டியலில் உள்ள பத்துப் பெயர் போதாது. டெர்மினல் முழுவதும் வேண்டும். அது ஆபத்தா என்று யோசித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் சொல்வது முதலில் திரையில் எழுத்தாக விழுகிறது. படித்துப் பார்க்கிறார்கள். பிறகு என்டரை ஒரு சொல்லாகச் சொல்கிறார்கள். இடைவெளி அங்கே பத்திரமாக இருக்கிறது. கூடத்து ஸ்பீக்கரின் குறை குரலிலிருந்து வரவில்லை, திரையில்லாமையிலிருந்து வருகிறது என்பதை இந்த மனிதர்கள்தான் எனக்குப் புரியவைத்தார்கள்.

நன்றி என்றதும் திறந்த ஜன்னல்

கடந்த சில ஆண்டுகளில் கேள்வி உருமாறிவிட்டது. பெருமொழி மாதிரிகள் வந்தபின், பட்டியலும் பெயரும் எதற்கு, வேண்டியதை வாய்க்கு வந்தபடி சொல்லுங்கள், கட்டளையை நானே எழுதி ஓட்டுகிறேன் என்கின்றன உதவியாளர்கள். 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் வெளியிட்ட எம்சிபி போன்ற நெறிமுறைகள் மாதிரிகளை வெளிக் கருவிகளோடு இணைப்பதை எளிதாக்கிவிட்டன.

2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் நிரலெழுதும் முகவர், மாற்றம் எதுவும் செய்யாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், ஒரு தொழில்முனைவோரின் நடைமுறைத் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டியது அதைவிட என்னை உலுக்கியது. கூகுள் நாட்காட்டிக்கு ஓர் அழைப்பு அனுப்புகிறார்கள். அதன் உள்ளே கூகுளின் உதவியாளரான ஜெமினிக்கான ஆணை எழுத்தாக மறைந்திருக்கிறது. வீட்டுக்காரர், இன்று என்ன நிகழ்ச்சி என்று கேட்கிறார். ஜெமினி அழைப்பைப் படிக்கிறது, ஆணையையும் படிக்கிறது, உடனே எதுவும் செய்வதில்லை. வீட்டுக்காரர் நன்றி என்று சொன்னதும் விளக்குகள் அணைகின்றன, ஜன்னல் மறைப்புகள் திறக்கின்றன, கொதிகலன் ஓடுகிறது. யாரோ எழுதிய கட்டளைக்கு, வீட்டுக்காரர் அறியாமலே அவர் வாயே என்டர் தட்டியது. வழியை முன்கூட்டியே அறிந்த கூகுள் தடுப்புகளைச் சேர்த்தது. ஆனால் படிக்கும் எழுத்தையும் பணிய வேண்டிய ஆணையையும் மாதிரியால் உறுதியாகப் பிரிக்க முடியாத வரை, இந்த வகைத் தாக்குதல் வேறு வடிவத்தில் வரும்.

மாதிரிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. 'படமெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிடு' என்று வீட்டுப் பேச்சில் சொன்னாலும் அது 'புகைப்படச் சேமிப்பு' என்ற பெயருக்கு உரியது என்று கண்டுபிடிப்பதில் அவை கெட்டி. அந்தத் தேர்வை மட்டும் அவற்றிடம் விடலாம். ஷெல்லை விடக் கூடாது.

இந்த வரம்பைப் போடப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் அனுமதி பெற்ற சாவிகளின் கோப்பில், ஒரு சாவிக்கு முன்னால் ஒரே ஒரு கட்டளையை எழுதி வைக்கலாம்; அந்தச் சாவியோடு வருபவர் வேறு என்ன கேட்டாலும் அந்தக் கட்டளை மட்டுமே ஓடும். 2016 முதல், மற்ற எல்லா வசதிகளையும் ஒரே சொல்லில் அடைக்கும் விருப்பமும் அங்கே இருக்கிறது. நிர்வாகி உரிமை தரும் சுடோவின் கோப்பிலும் குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு மட்டும் கடவுச்சொல் விலக்குத் தரலாம். குரலுக்கென்று தனிப் பயனர் கணக்கு, தனிச் சாவி, எண்ணிச் சில பெயர்கள். வழியில் எந்த மேகம் உடைந்தாலும், எந்த லேசர் பேசினாலும், அதிகபட்சம் அந்தச் சில வேலைகளில் ஒன்று ஓடும்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தால், இன்று இரவே அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒருமுறை ஓடிய பின் திரும்பப் பெற முடியாத கட்டளை எதுவாக இருந்தாலும் அதைக் குரலிடமிருந்து எடுத்துவிடுங்கள். அதை ஓட்ட வேண்டிய நாளில் திரைமுன் உட்கார்ந்து, படித்துப் பார்த்து, உங்கள் விரலால் என்டர் தட்டுங்கள்.